வந்தாளா, வந்தாலா?

ஏழாம் வகுப்புக்கு அன்றைக்குச் சொல்வதை எழுதுதல். வந்தான், வந்தாள், வந்தால், பல்லி, பள்ளி, வலி, வழி என்று இருபது சொற்கள். ல-ள-ழ தடுமாறுகிற பிள்ளைகளுக்கு நான் வழக்கமாக வைக்கிற பயிற்சிதான். மாலையில் நோட்டுகளைத் திருத்திப் பெஞ்சு வரிசைப்படி அடுக்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. முதல் மூன்று பெஞ்சுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிழை. நான்காம் பெஞ்சுக்குப் பின்னால் பக்கமெல்லாம் சிவப்பு மை. "வந்தாள்" இருக்க வேண்டிய இடத்தில் "வந்தால்", "வந்தான்", ஒரு நோட்டில் வெறும் "வந்தா".

கடைசி பெஞ்சில் ஒரு பெண். வலது காதில் மிஷின் மாட்டியிருப்பாள். வகுப்பிலேயே உயரம் என்பதால் மற்றவர்களை மறைக்காமலிருக்கப் பின்னால் உட்காரவைத்திருந்தோம். இருபதில் பதினான்கு தப்பு. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எழுதிவரச் சொன்னேன். மறுநாள் எழுதிக்கொண்டு வந்தாள், கோடு தவறாத கையெழுத்தில்.

அடுத்த வாரம் ஒரு நாள் கரண்ட் இல்லை. வெக்கை தாங்காமல் வகுப்பை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அதே இருபது சொற்கள், வரிசையை மட்டும் மாற்றிச் சொன்னேன். வகுப்பில் இருந்த அதே தூரத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு சரி. அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மரத்தடியிலேயே நின்றேன். நான் கொடுத்த தண்டனை சுவருக்குச் சேர வேண்டியது, அவள் கையில் போய் விழுந்துவிட்டது.

கரூர்ப் பக்கத்தில் 28 வருஷம் தமிழ் கற்பித்தவள் நான். பிள்ளைகள் என்னைத் தமிழம்மா என்பார்கள். தொண்டைத் தண்ணி வற்றக் கத்துவது இந்த வேலையின் கூறு என்றே நம்பியிருந்தேன். வேப்பமரத்தடியில் நான் கத்தவே இல்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மரத்தடியில் என் குரல் ஒரே தடவை அவள் காதைத் தொட்டுவிட்டுப் போய்விட்டது. அறைக்குள் அப்படியில்லை. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடும். எங்கள் அறையின் அகலம் 6 மீட்டர். ஒரு வினாடி முடிவதற்குள் என் குரல் சுவருக்குச் சுவர் ஐம்பது தடவைக்கு மேல் மோதித் திரும்பும். சிமெண்டுப் பூச்சுச் சுவர் ஒவ்வொரு மோதலிலும் நூற்றில் இரண்டு மூன்று பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பும். கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட். சத்தத்தை வாங்கிக்கொள்ள அந்த அறையில் பிள்ளைகளின் உடம்பையும் உடுப்பையும் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி வேறெதுவும் இல்லை.

இதில் தமிழுக்குத் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. "வந்தாள்" என்பதில் "தா" நெடில், ஓங்கி ஒலிக்கும். அதன் பின்னால் வருகிற "ள்" சின்ன மெய். நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும், விலகும், அவ்வளவுதான் அதன் ஆயுசு. "தா"வின் எதிரொலி அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே இந்த "ள்" பிறக்கிறது. முந்திய உயிரின் வால் பிந்திய மெய்யை மூடிவிடுகிறது. வந்தது ஆணா பெண்ணா, வந்தாயிற்றா இனிமேல்தானா, எல்லாம் அந்தக் கடைசிப் புள்ளியெழுத்தில் இருக்கிறது. பெரியவர்கள் நாம் பேச்சின் போக்கை வைத்து ஊகித்துக்கொள்வோம். சொல்லையே புதிதாகக் கற்கிற பிள்ளை எதை வைத்து ஊகிக்கும்? காதுமிஷின் மாட்டிய பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். மிஷின் என் குரலைப் பெருக்குகிறபோது எதிரொலியையும் சேர்த்தே பெருக்குகிறது.

இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவரும் ஒரு வாத்தியார்தான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அறை புதிதாகக் கட்டித் திறந்திருந்தது. பேசினால் ஒரு சொல்கூட விளங்கவில்லை. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபீன் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்துவார். சத்தம் முழுசாக அடங்க எத்தனை வினாடி என்று கடிகாரத்தோடு நின்று கணக்கெடுப்பார். காலி அறையில் ஐந்தரை வினாடி ஆயிற்று. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துகொண்டுவந்து போட்டுப் போட்டுப் பார்த்தார். மெத்தை கூடக் கூட வினாடி குறைந்தது. பகலில் தெருச் சத்தம் கெடுக்கும் என்பதால் வேலையெல்லாம் நடுராத்திரிக்கு மேல். விடிவதற்குள் மெத்தைகளை அரங்கத்தில் திரும்ப அடுக்கியாக வேண்டும். அந்த ராத்திரிகளில் பிறந்ததுதான் இன்றைக்கும் கட்டட ஒலியியலின் அடிப்படை வாய்பாடு. 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அவருடைய கணக்கை வைத்துக் கட்டியது.

சபீன் எடுத்துக்கொண்ட அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தது. திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே வெளியே போன சத்தம் திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் என்பது முழு உறிஞ்சல். மற்ற எந்தப் பொருளையும் அதோடு ஒப்பிட்டு, இது கால் ஜன்னல், இது அரை ஜன்னல் என்று மதிப்பிடலாம். அறையின் கொள்ளளவைக் கன மீட்டரில் எடுத்து, 0.161 ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த "ஜன்னல்" அளவால் வகுத்தால், சத்தம் அடங்க ஆகும் வினாடி கிடைக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு.

எங்கள் அறைக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.3 மீட்டர் உயரம். சுமார் 158 கன மீட்டர். உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட இரைச்சல் வழிகாட்டுதலில் வகுப்பறைக்குச் சொன்ன அளவு 0.6 வினாடி. அதற்கு 42 சதுர மீட்டருக்குச் சற்று மேல் ஜன்னல் வேண்டும். அத்தனை ஜன்னல் வைத்தால் கிட்டத்தட்டப் பாதிச் சுவர் போய்விடும். போதாததற்குச் சாலையில் பஸ் போகிறது, இருக்கிற ஜன்னலையும் மூடித்தான் பாடம் நடத்துகிறோம்.

என் பழைய மாணவன் ஒருவன் கோயம்புத்தூரில் அலுவலகங்களுக்கு உள்வேலை செய்து தருகிறவன். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பையிலிருந்து உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினான். சாம்பல் நிறம், அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனம். தொட்டால் கம்பளி மாதிரி மெத்தென்று இருந்தது. வளைத்தால் அட்டை மாதிரி விறைத்தது.

"இது என்னன்னு சொல்லுங்க தமிழம்மா."

"கம்பளியா?"

"தண்ணி பாட்டில்."

நம்பிக்கை வரவில்லை. அவனே என்னைக் கரூருக்குப் பக்கத்தில் பாட்டிலைப் பஞ்சாக்குகிற ஆலைக்குக் கூட்டிப்போனான். கரூருக்கு இந்தத் தொழில் புதிதில்லை. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த நீல நிற மேலங்கியின் துணி, பழைய பாட்டிலிலிருந்து கரூர் நிறுவனம் ஒன்று செய்ததுதான்.

ஆலை வாசலில் நசுக்கிய பாட்டில்கள் கட்டுக்கட்டாக, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பேல் என்கிறார்கள். பழைய இரும்புக்கடைகளிலிருந்து வருபவை. உள்ளே ஓடுகிற பெல்ட்டின் இருபுறமும் பெண்கள் நின்று கையால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம். சில குளிர்பான பாட்டில்களுக்கு உடம்பு முழுக்கச் சுருங்கிப் பிடித்த லேபிள் இருக்கும். அதைக் கத்தியால் கீறி எடுத்துவிடுகிறார்கள். அது பி.வி.சி. ரகம் என்றால் உருக்கும்போது கருகி மொத்தச் சரக்கையும் பழுப்பாக்கிவிடுமாம். "இது ஒண்ணு தப்பிச்சு உள்ள போனா அன்னிக்கு எங்களுக்குத்தான் பேச்சு விழும்" என்றார் ஓர் அம்மா, கை நிற்காமல். நாற்பது வயதிருக்கும். அவர் விரல்கள் ஓடிய வேகத்துக்கு என் கண்ணால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பிரித்த பாட்டில்களை விரல் நகம் அளவுக்கு நறுக்குகிறார்கள். அதை ஃப்ளேக்ஸ் என்கிறார்கள். காஸ்டிக் சோடா கலந்த சுடுதண்ணீரில் கழுவினால் பசையும் அழுக்கும் போய்விடும். பிறகு தண்ணீர்த் தொட்டி. இங்கே ஒரு வேடிக்கை பார்த்தேன். பாட்டிலும் மூடியும் பார்வைக்கு ஒரே பிளாஸ்டிக்தானே? பாட்டில் துண்டுகள் தண்ணீரில் அமிழ்கின்றன, மூடித் துண்டுகள் மிதக்கின்றன. பாட்டில் பெட் என்ற ரகம், தண்ணீரைவிட ஒன்றேகால் மடங்குக்கு மேல் கனம். மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன், தண்ணீரைவிட லேசு. அரிசி களைகிற மாதிரி மேலே மிதப்பதை வழித்துவிட்டால் வேலை முடிந்தது. பிறகு நன்றாகக் காயவைக்கிறார்கள். ஈரம் துளி இருந்தாலும் உருக்கும்போது பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகள் அறுந்து, இழை பலமிழந்துவிடும்.

காய்ந்த துண்டுகள் 260 டிகிரிக்கு மேல் உருகித் தேன் பதமாகின்றன. சல்லடைத் துளைகள் வழியாக அதைத் தள்ளினால் இடியாப்ப உழக்கிலிருந்து இறங்குகிற மாதிரி இழைகள் இறங்குகின்றன, தலைமுடியைவிட மெல்லியவை. குளிரவைத்து, இழுத்து, சுருளவைத்து, விரல் நீளத்துக்கு வெட்டினால் பஞ்சு. உள்ளங்கையில் ஒரு பிடி வைத்தார்கள். எங்கள் வீட்டுத் தலையணைக்குள் இருப்பதும் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பலகை செய்வது வேறு ஆலை. அதை மாணவன் வழியில் விளக்கினான். பஞ்சைச் சீவி, அடுக்கடுக்காக விரித்து, முள் வைத்த ஆயிரக்கணக்கான ஊசிகளால் குத்திக் குத்தி இழைகளைப் பின்னுகிறார்கள். பஞ்சோடு சீக்கிரம் இளகும் இன்னொரு ரக இழையையும் கலந்திருப்பார்கள். அதன் மேல்தோல் 110 டிகிரி வாக்கிலேயே இளகும். மொத்தத்தையும் அடுப்பு வழியாகச் செலுத்தி அழுத்தினால் அந்தத் தோல் இளகி, பக்கத்து இழைகளைப் பிடித்துக்கொண்டு இறுகிவிடும். பசை ஒரு சொட்டுக்கூடச் சேர்ப்பதில்லை. எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்று ஏழு கிலோ வாக்கில் இருக்கிறது. அதில் பாதி பழைய பாட்டில் என்று வைத்தாலும், பாட்டிலுக்கு 20 கிராம் கணக்கில் 175 பாட்டில் உள்ளே இருக்கிறது.

பாட்டிலாக இருந்தபோது இதே பிளாஸ்டிக் சத்தத்தைத் திருப்பி அடித்தது. பஞ்சான பிறகு எப்படி விழுங்குகிறது? ஒலி என்பது காற்றின் முன்பின் அசைவு. வழவழப்பான பரப்பில் காற்று நுழைய வழியில்லை, திரும்பிவிடும். இழைகளுக்கு நடுவே கோடிக்கணக்கான சந்துபொந்துகள். காற்று அதற்குள் நுழைந்து, இழைகளோடு உரசி உரசிச் சோர்ந்துபோகிறது. உரசியதில் சத்தம் சூடாக மாறிவிடுகிறது. கையால் தொட்டு உணர முடியாத அளவு நுணுக்கமான சூடு. தெர்மாகோலில் இது நடக்காது, அதன் குமிழிகள் எல்லாம் மூடியவை. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மெல்லிய அட்டையால் ஆகக்கூடியது மிகக் கொஞ்சம், தீப்பிடித்தால் ஆபத்து மட்டும் பெரிது.

பலகையைச் சுவரோடு ஒட்டி அறைவதைவிட, ரீப்பர் அடித்து இரண்டு அங்குலம் இடைவெளி விட்டு அதன்மேல் பொருத்தினால் உறிஞ்சும் திறன் நன்றாகக் கூடும். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதேயில்லை. சற்றுத் தள்ளித்தான் வேகமாக அசைகிறது. பலகை அங்கே நின்றால்தான் உரசலுக்கு வேலை. அதிகச் செலவில்லாமல் கிடைக்கிற பலன் இது. அவசரத்தில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

எங்கள் அறைக்கு என்ன வேண்டும் என்று மாணவன் ஒரு பலூனை ஊதி உடைத்துக் கைப்பேசியில் அளந்தான். பிள்ளைகள் இல்லாத காலி அறையில் 2.1 வினாடி. அதாவது சுவரும் சாமான்களும் சேர்ந்து 12 சதுர மீட்டர் ஜன்னலுக்குச் சமம். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்தால் இன்னொரு 12. தேவையோ 42. குறைகிற பதினெட்டுக்கு, இடைவெளி விட்டுப் பொருத்திய பலகையை முக்கால் ஜன்னலுக்குச் சற்றுக் குறைவாகக் கணக்கிட்டால், ஒன்பது பலகை.

ஒன்பது பலகையை உடனே அடித்துவிடவில்லை. முதலில் மலிவாகக் கிடைத்த ஒரு சரக்கு வந்து இறங்கியது. தீச்சோதனைச் சான்று கேட்டேன், கடைக்காரர் கையை விரித்தார். மாணவனிடம் ஒரு துண்டை மைதானத்துக்குக் கொண்டுபோய்க் கொளுத்தச் சொன்னேன். ஓரம் சுருங்கியது, இளகியது, பிறகு பற்றிக்கொண்டது. எரிகிற சொட்டுகள் புல்லில் விழுந்து அங்கேயும் எரிந்தன. கரும்புகை. அத்தனை பலகையையும் அன்றைக்கே திருப்பி அனுப்பினோம்.

இதில் நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. நான் படித்த தொடக்கப் பள்ளி கீற்றுக் கொட்டகை. அரைச் சுவர், மேலே தென்னங்கீற்று. எங்கள் டீச்சர் மெல்லப் பேசுவார், கடைசிப் பிள்ளைக்கும் கேட்கும். கீற்று சத்தத்தை வாங்கிக்கொண்டது, மிச்சம் அரைச் சுவருக்கு மேலே வெளியே போனது. 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக் கூரைக் கீற்றில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டோம். எடுத்தே ஆக வேண்டியதுதான். அந்தக் குழந்தைகளை நினைத்தால், நல்ல காரியம் என்ற பெயரில் எரியக்கூடிய ஒன்றை வகுப்பறைச் சுவரில் ஏற்ற எனக்குக் கை வராது.

ஆகவே இதைப் படித்துவிட்டுப் பலகை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது நிறத்தையும் விலையையும் அல்ல. ஐரோப்பியத் தரத்தில் "பி-எஸ்1, டி0" என்று ஒரு குறி இருக்கும். "பி" என்றால் தீ வளர அந்தப் பொருள் தருகிற துணை மிகக் குறைவு. "எஸ்1" என்றால் புகை குறைவு. "டி0" என்றால் எரிகிற சொட்டு விழாது. இந்தக் கடைசிக் குறிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். சான்று அதே பலகைக்கு, அதே கனத்துக்கு உரியதா என்றும் பார்க்க வேண்டும். சான்று இருந்தாலும் மின்கம்பி, சுவிட்ச் பெட்டி பக்கம் பலகை வேண்டாம். கதவை மறைத்தோ, வெளியேறும் வழியிலோ வேண்டவே வேண்டாம்.

சான்றோடு வந்த பலகைகளைக் கோடை விடுமுறையில் பொருத்தினோம். பின்சுவரில் நின்றவாக்கில் நான்கு. பக்கச் சுவர்களில் லிண்டலுக்கு மேலே, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், படுத்தவாக்கில் ஐந்து. அறுப்பதை வெளியே வைத்துக்கொண்டோம். அறுக்கும்போது பறக்கிற தூளும் பிளாஸ்டிக்தான், அதைக் கூட்டி மூட்டையில் கட்டிச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டியிலேயே அனுப்பினேன். பழைய மாணவர்கள் பணம் போட்டார்கள். கூலி, ரீப்பர், ஸ்க்ரூ உட்பட முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. மாணவன் மறுபடி பலூன் உடைத்தான். காலி அறையில் 0.85 வினாடி.

இந்தப் பலகை செய்யாததையும் சொல்லிவிட வேண்டும். சாலையில் போகிற பஸ் ஹாரன் முன்போலத்தான் உள்ளே வருகிறது. வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும், லேசான பஞ்சுப் பலகையால் முடியாது. அறைக்குள் பிறந்த சத்தம் அறைக்குள் சுற்றாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே இதன் வேலை. தவில், ஜெனரேட்டர் போன்ற அடித்தொண்டைச் சத்தங்களை இந்தக் கனம் பிடிக்காது. அவற்றின் அலை மீட்டர் கணக்கில் நீளம். கல்யாண மண்டபத்துக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு செலவு செய்வது நல்லது. இன்னொன்று, பலகை அழுக்காகிறதே என்று மேலே பெயிண்ட் அடித்துவிடக் கூடாது. சந்துபொந்து அடைந்தால் அது மறுபடி சுவர்தான்.

பிளாஸ்டிக் பிரச்சினை இதனால் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் அறையின் ஒன்பது பலகைக்குள் ஏறத்தாழ 1,500 பாட்டில் இருக்கலாம். பெரிய கல்யாணம் ஒன்றில் ஒரே பகலில் காலியாகிற எண்ணிக்கை. வெள்ளை பாட்டில் திரும்பப் பாட்டிலாவதே அதற்கு நல்ல கதி. பச்சையும் பிற நிறங்களும் பெரும்பாலும் அப்படித் திரும்பாமல் பஞ்சுக்கு வருகின்றன, அவை இருபது வருஷம் ஒரு சுவரில் இருந்து பிள்ளைகளுக்கு உதவட்டும். சபீனுக்குத் தேவைப்பட்டது மெத்தை. நம்மிடம் குவிந்து கிடப்பது பாட்டில்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் உள்ளே நுழைந்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை. எதிரொலி இருந்தால் ஒருவரை மிஞ்சி ஒருவர் கத்துவோம், அது அடங்கினால் குரல் தானாக இறங்கும் என்று பிறகு மாணவன் சொன்னான். எனக்கு அன்றைக்குக் கேட்ட முதல் சத்தம் சுவர்க் கடிகாரத்தின் டிக்டிக். 28 வருஷத்தில் அந்த அறையில் நான் கேட்டிராத சத்தம்.

காதுமிஷின் மாட்டிய பெண் அப்போது எட்டாம் வகுப்பு. இந்த அறை ஏழாம் வகுப்புக்கு என்பதால் அவளுக்குக் கிடைக்காமல் போனது. ஒரு மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு அவளை அழைத்துவந்து அதே கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னேன். கரும்பலகைப் பக்கம் திரும்பி, வாயசைவு தெரியாமல், சாதாரணக் குரலில் சொன்னேன்: வந்தாள். வந்தால். வந்தான். அவள் நோட்டில் எழுதவில்லை. ஒவ்வொன்றையும் வாய்விட்டுத் திருப்பிச் சொன்னாள், "ள்" வரும்போது மட்டும் நாக்கை நன்றாக மடித்து. மூன்றும் சரி.

"எங்க கிளாசுக்கும் இது வருமா தமிழம்மா?" என்றாள்.

எட்டாம் வகுப்பு அறையை மறுநாளே டேப் பிடித்து அளந்தேன். அது கொஞ்சம் பெரிது, பதினோரு பலகை வேண்டும். ஓய்வுபெறுவதற்கு முந்தைய மாதம் ஆறு பலகைக்குப் பணம் சேர்ந்தது. மீதி ஐந்துக்கு இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.